துபாய்க்குப் புறப்படுமுன் ஒரு கணக்கு

துர்கா பூசை முடிந்து அலுவலகங்கள் மீண்டும் திறந்த வாரத்தில், தென் கொல்கத்தாவில் உள்ள எங்கள் கிளை ஒன்றுக்கு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். லேக் மார்க்கெட் பகுதியில் நெடுநாள் வாழும் தமிழ்க் குடும்பம். மனைவி, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் தாயார் என ஐந்து பேர். வகுப்பில் பலரும் துபாய் சென்று வந்து படங்களைக் காட்டுகிறார்களாம். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள் என்று வருத்தத்துடன் சொன்னார். பிறகு நேராக விஷயத்திற்கு வந்தார். "தனிநபர் கடன் எவ்வளவு கிடைக்கும் சார்? டிசம்பரில் போக வேண்டும்."

கடன் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுப்பது எங்களுக்கு எளிது. ஆனால் அவரிடம் மேலும் சில கேள்விகளைக் கேட்டோம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது? அம்மா என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார்? அங்கே தங்கம் வாங்கும் எண்ணம் உண்டா? அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அவரிடம் விடை இல்லை. அன்று மேசையின் இருபுறமும் அமர்ந்து நாங்கள் பேசியவற்றின் விரிவே இக்கட்டுரை. குடும்பத்தோடு இனிதே கழிக்கத்தக்க நகரம் துபாய் என்பதில் ஐயமில்லை. எனினும் பணம், ஆவணம், பெட்டி ஆகிய மூன்றிலும் முன்கூட்டியே கணக்குப் பார்த்துச் செல்பவருக்கே அது இனிய விடுமுறையாக அமையும்.

நீரில்லா நிலத்தில் ஒரு மாநகர்

கொல்கத்தாவில் வளரும் பிள்ளைக்குத் துபாய் ஒரு பெரும் பாடமாக அமையக்கூடும். நம் நகரில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. ஆடி, ஆவணியில் முழங்கால் நீரில் பள்ளிக்கு நடந்த அனுபவம் இங்குள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் உண்டு. துபாயிலோ ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆறு இல்லை, ஏரி இல்லை. குழாயில் வரும் நீர் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படுவது. அதற்கான பெரும் ஆலைகள் ஜெபல் அலி கடற்கரையில் உள்ளன. மழைநீரை வெளியேற்ற வழி தேடும் நகரிலிருந்து, குடிநீரைக் கடலிலிருந்து பிரித்தெடுக்கும் நகருக்குச் செல்கிறோம் என்பதைப் புறப்படுமுன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் கட்டடங்களை மட்டுமன்றி அவற்றின் பின்னுள்ள உழைப்பையும் காண்பார்கள். அங்கும் வெள்ளம் வருவதுண்டு. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த வரலாறு காணாத மழையில் விமான நிலைய ஓடுபாதைகளிலேயே நீர் தேங்கியது.

இந்நகரின் வரலாறும் கணக்கின் வரலாறுதான். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பே துபாயின் பிழைப்பு. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்ததும் அத்தொழில் நலிந்தது. பின்னர் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித், மணல் தூர்ந்து கொண்டிருந்த கடற்கழியைக் கடன் வாங்கி ஆழப்படுத்தினார். பெரிய படகுகள் உள்ளே வந்தன, வணிகம் பெருகியது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதோ அதற்குப் பின்னர், 1966இல். அதாவது, வருவாயைப் பெருக்கித் தரும் ஒன்றுக்காகக் கடன் வாங்கிய நகரம் அது. அங்கே உல்லாசமாகச் சென்றுவரக் கடன் வாங்குவது முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டைப் பின்னர் எண்களால் காண்போம்.

நம் ரூபாய் புழங்கிய கடற்கரை

வங்கி வாடிக்கையாளர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை துபாய்க் கடைவீதிகளில் நம் இந்திய ரூபாயே செலாவணியாக இருந்தது. ஆனால் ரூபாய் நோட்டுகளைக் கொண்டு தங்கம் வாங்கி இந்தியாவுக்குக் கடத்தியதால் நம் அந்நியச் செலாவணி இருப்பு கரைந்தது. அதைத் தடுக்க, 1959இல் பாரத ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டுகளை வெளியிட்டது. அவற்றின் நிறம் வேறு. வரிசை எண்ணின் முன்னே 'இசட்' என்னும் எழுத்து இருக்கும். அவை இந்தியாவுக்குள் செல்லாது.

1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசாயிற்று. அங்குள்ளோரின் கையிருப்பும் ஒரே நாளில் மதிப்பிழந்தது. வளைகுடா நாடுகள் ரூபாயைக் கைவிட்டுத் தமக்கெனப் பணத்தைத் தேடிக்கொண்டன. ஏழு அமீரகங்கள் கூடி ஐக்கிய அரபு அமீரகம் உருவாக, 1973இல் திர்ஹாம் பிறந்தது. இன்று ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அதன் மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டுள்ளது.

இதனால் நமக்கு ஒரு பயன் உண்டு. திர்ஹாமின் ரூபாய் மதிப்பை அறியத் தனியே தேட வேண்டியதில்லை. செய்தித்தாளில் காணும் டாலர் மதிப்பை 3.6725ஆல் வகுத்தால் போதும். டாலர் 90 ரூபாயாக இருந்தால் திர்ஹாம் ஏறத்தாழ 24 ரூபாய் 50 காசு. பயணத்திற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே பிள்ளைகளை இக்கணக்கைப் போடச் சொல்லலாம். ரூபாய் சரியும்போது தம் விடுமுறையின் விலை ஏறுவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

எந்த மாதம் ஏற்றது?

நவம்பர் முதல் மார்ச் வரை துபாயில் இதமான பருவம். மே முதல் செப்டம்பர் வரை பகலில் 40 பாகையைத் தாண்டும் வெப்பம்; முதியோரும் சிறு பிள்ளைகளும் வெளியே நடமாட முடியாது. கோடை விடுமுறையில் விடுதிக் கட்டணம் குறைவதன் காரணம் இதுவே. மலிவு என்று மே மாதத்தில் சென்று, ஐந்து நாளும் வணிக வளாகங்களுக்குள் அடைந்து கிடந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு.

கொல்கத்தாக் குடும்பங்களுக்குப் பூசை விடுமுறையே பயணக் காலம். பூசை செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் ஆண்டில் துபாயின் வெப்பம் முழுவதும் தணிந்திராது. அக்டோபர் பிற்பகுதியில் வரும் ஆண்டே அதற்கு ஏற்றது. டிசம்பர் இறுதியில் பருவம் இனிது. ஆனால் புத்தாண்டை ஒட்டி எல்லாக் கட்டணங்களும் உச்சத்தில் இருக்கும். பள்ளி இசைந்தால் நவம்பரிலோ ஜனவரி நடுவிலோ செல்வது பணப்பைக்கும் உடலுக்கும் நலம். ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்து வரும். அம்மாதத்தில் கடை நேரங்களும் காட்சி நேரங்களும் மாறுவதால் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் நகரிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே உள்ளது.

ஆவணங்களை முதலில் பாருங்கள்

பயணநாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களேனும் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டுக்குரியது என்பதால் பிள்ளைகளுடையதும் அவ்வாறே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சிறுவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்தாண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. எங்கள் வாடிக்கையாளரின் மகளது பாஸ்போர்ட் மார்ச்சில் முடிவதாக இருந்தது. டிசம்பர் பயணச்சீட்டை அவர் முன்பே வாங்கியிருந்தால் ஐவருக்கும் நட்டமாகியிருக்கும்.

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவை. 30 நாள், 60 நாள் சுற்றுலா விசாக்கள் உண்டு. திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட உறுதியும் கேட்கப்பட்டால் காட்டும் வகையில் கைவசம் இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டைத் தவிர்க்க வேண்டாம். அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம். முதியவர் ஒருவர் இரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தால் விடுமுறைக்கான பணம் முழுவதையும் அது விழுங்கிவிடும். காப்பீடு வாங்கும்போது, நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்று முன்பே உள்ள நோய்களை மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்த நோயால் வரும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. நடக்க இயலாத பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டு வாங்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுப் பதிவு செய்யலாம்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

இப்பகுதியை வீட்டில் பெட்டி கட்டுபவர் யாரோ அவர் கட்டாயம் படிக்க வேண்டும்.

கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்ட பொருள். நம் நகரில் அது போஸ்தோ. உருளைக்கிழங்கோடு அதை அரைத்துச் சமைக்காத வங்காளி வீடு இல்லை. கொல்கத்தாவில் வாழும் தமிழ் வீடுகளிலும் அது இடம்பிடித்துவிட்டது. குருமாவுக்குக் கசகசா அரைப்பது நமக்கும் பழைய வழக்கமே. அங்குள்ள உறவினருக்கு என்று ஒரு சிறு பொட்டலம் கொண்டு போனாலும் அது கைதுக்கும் சிறைக்கும் இட்டுச் செல்லக்கூடும். தெரியாமல் கொண்டு வந்தேன் என்பது அங்கே ஏற்கப்படும் காரணமன்று. கசகசா சேர்த்த மசாலாப் பொடி, கசகசா தூவிய தின்பண்டம் ஆகியவற்றையும் விலக்குங்கள். பாட்டியின் சுருக்குப்பையில் உள்ள வெற்றிலை பாக்கும் தடைப் பட்டியலில் உள்ளது. அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

அடுத்து மருந்துகள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் என்னும் வலி மாத்திரை, சில வகைத் தூக்க மாத்திரைகள் ஆகியவை அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. இவற்றை எடுத்துச் செல்ல அமீரக அரசின் முன்அனுமதியை இணையவழி பெற வேண்டும். பிற மருந்துகளையும் பயண நாட்களுக்குத் தேவையான அளவே, மருத்துவரின் சீட்டோடு, கடையில் தந்த அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் போடும் வழக்கம் இப்பயணத்திற்கு உதவாது. எங்கள் வாடிக்கையாளரின் தாயார் முழங்கால் வலிக்கு உட்கொண்டு வந்த மாத்திரையின் பெயரை அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். அது அப்பட்டியலில் இருந்தது.

பணத்தைக் கொண்டு செல்லும் வழிகள்

ரொக்கம், அந்நியச் செலாவணி அட்டை, கடன் அட்டை ஆகிய மூன்றையும் கலந்து கொண்டு செல்வதே பாதுகாப்பு. ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

வெளிநாட்டு நோட்டுகளாக ஒரு பயணத்திற்கு ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வாங்கலாம். அவ்வளவு தேவைப்படாது. டாக்சிக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் அளவு திர்ஹாம் போதும். எஞ்சிய தொகையை முன்கூட்டியே பணம் ஏற்றும் அந்நியச் செலாவணி அட்டையில் வைத்துக்கொள்ளலாம். ஏற்றும் நாளின் மாற்று விகிதமே இறுதி என்பதால், பின்னர் ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. ஒரே நாளில் முழுத் தொகையையும் ஏற்றாமல் மூன்று, நான்கு தவணைகளாக ஏற்றினால் விகிதத்தின் ஏற்ற இறக்கம் ஓரளவு சமன்படும். திரும்பிய பின் எஞ்சும் செலாவணியை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்திற்கென வைத்துக்கொள்ள அனுமதியுண்டு.

கடன் அட்டையில் செலவிட்டால் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் சேரும். அது எத்தனை சதவீதம் என்பதை முன்பே கேட்டறியுங்கள். அங்குள்ள கடைக்காரர், "ரூபாயில் கணக்கிடவா, திர்ஹாமிலா?" என்று கேட்டால் திர்ஹாம் என்றே சொல்லுங்கள். ரூபாயில் கணக்கிடும்போது அவர்கள் வைத்த விகிதமே செல்லும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

இரு சிறு செயல்களைப் புறப்படுமுன் செய்துவிட வேண்டும். முதலாவது, அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கி, செலவு வரம்பையும் குறித்தல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. இரண்டாவது, வங்கியில் பதிந்த கைப்பேசி எண்ணில் ரோமிங் வசதியை இயக்குதல். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வரும். அது வராவிட்டால் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை.

சுற்றுலா நிறுவனம் வழியாகத் தொகுப்பாகச் செல்வோரிடம் மூலத்தில் வசூலிக்கப்படும் வரி உண்டு. அதன் விகிதம் அரசின் நிதிநிலை அறிக்கைகளில் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் நாளின் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது இழந்த பணம் அன்று. பணம் கட்டியவரின் நிரந்தரக் கணக்கு எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது கழிக்கப்படும் அல்லது திரும்பக் கிடைக்கும். ஆகையால் குடும்பத்தில் வரி செலுத்துபவர் பெயரிலேயே தொகுப்பை வாங்குவது முறை.

ஐந்து நாள் திட்டம்

துபாயில் பணம் கரைவதும் எளிது. பணமின்றி மகிழ்வதும் எளிது. ஒரு நாளைக்குக் கட்டணமுள்ள இடம் ஒன்று, கட்டணமில்லாத இடம் ஒன்று என்று வகுத்துக்கொண்டால் பிள்ளைகளும் களைப்படைய மாட்டார்கள்.

முதல் நாள் பழைய நகருக்கு. அல் ஃபஹிதி பகுதியின் குறுகிய சந்துகளில், வீடுகளின் மேல் சதுரமாக எழுந்து நிற்பவை காற்றுக் கோபுரங்கள். மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும் பழங்காலக் குளிர்விப்பு முறை அது. அங்கிருந்து அப்ரா என்னும் மரப்படகில் கழியைக் கடந்து டெய்ராவின் மசாலாச் சந்தைக்கும் தங்கச் சந்தைக்கும் செல்லலாம். கட்டணம் ஒரே ஒரு திர்ஹாம். ஹூக்ளியைப் படகில் கடந்து ஹவுராவுக்குச் சென்று பழகிய பிள்ளைகளுக்கு அது வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

இரண்டாம் நாள் புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரம் 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது. சூரியன் மறையும் நேரத்திற்குக் கட்டணம் அதிகம். காலையில் சென்றால் குறைவு. மாலையில் அதன் அடிவாரத்து நீரூற்று நடனத்தைக் கரையில் நின்று கட்டணமின்றிக் காணலாம்.

மூன்றாம் நாள் பாலைவனம். மணல்மேடுகளில் வண்டியை ஏற்றி இறக்கும் விளையாட்டு முதுகுவலி உள்ளோருக்கும், கருவுற்ற பெண்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும் ஏற்றதன்று. அதை விலக்கி, நேரே கூடாரத்திற்கு அழைத்துச் செல்லும்படி பதிவு செய்யும்போதே கேட்கலாம். மணலில் தனித்து நிற்கும் ஒரு மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் காஃப் என்று அழைக்கும் அது அமீரகத்தின் தேசிய மரம். நாம் அதை வன்னி என்போம். விருத்தாசலம் கோயிலின் தலமரம் அதுவே. ஆழ வேர்விட்டு, கிடைக்கும் சிறிதளவு நீரைக் கொண்டே பசுமையாக நிற்கும் மரம் அது.

நான்காம் நாள் 2022இல் திறக்கப்பட்ட எதிர்கால அருங்காட்சியகத்திற்கோ, பழைய நகரையும் புதிய நகரையும் இருபுறமும் காட்டும் 150 மீட்டர் உயரத் துபாய்ச் சட்டகத்திற்கோ செல்லலாம். இரண்டும் வேண்டியதில்லை, பிள்ளைகளிடம் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகல் பொதுக் கடற்கரையில் கழியட்டும். குளிர்காலமானால் ராஸ் அல் கோர் சரணாலயத்தில் பூநாரைகள் கூட்டமாய் நிற்பதையும் காணலாம்.

ஐந்தாம் நாள் அபுதாபி. பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குள் செல்லலாம். ஷேக் ஸாயித் பெரிய மசூதிக்கு அனுமதிக் கட்டணம் இல்லை, முன்பதிவு வேண்டும். ஆண்களும் பெண்களும் உடலை மூடிய உடை அணிய வேண்டும். 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கற்கோயிலும் அந்நாட்டிலேயே உள்ளது.

நகருக்குள் சுற்ற, 2009இல் தொடங்கிய ஓட்டுநரில்லா மெட்ரோ போதும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனிப் பெட்டி உண்டு. 1984இல் இந்தியாவின் முதல் மெட்ரோவைக் கண்ட நகரத்தார் நாம். அதில் வியக்க ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். அப்பெட்டிகளுக்குள் உண்பதும் பருகுவதும் அபராதத்திற்குரியவை. பிள்ளை பிஸ்கட் கேட்டால் இறங்கிய பின் கொடுங்கள். உணவுக்கு அலைய வேண்டியதில்லை. கராமா, பர் துபாய் பகுதிகளில் இட்லியும் பொங்கலும் நம் ஊர் ருசியிலேயே கிடைக்கும்.

தங்கச் சந்தையின் முன் ஒரு நிமிடம்

தங்கச் சந்தையில் கால் வைத்தவுடன் கை பணப்பைக்குச் செல்லும். தங்கம் கொண்டு வருவோருக்குச் சுங்க வரிச் சலுகை உண்டு என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நகைக்கான அச்சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புவோருக்கு உரியது. ஐந்து நாள் சுற்றுலா சென்றவருக்கு அது இல்லை. வாங்கிய நகையைச் சுங்கத்தில் அறிவித்து வரி செலுத்த வேண்டும். அறிவிக்காமல் சிவப்புப் பாதையைத் தவிர்த்து வந்தால் பறிமுதலும் தண்டமும் நேரிடலாம். வரியையும் செய்கூலியையும் சேர்த்துப் பார்த்தால் பௌபஜாரில் வாங்குவதே மேல் என்று தோன்றக்கூடும். வீட்டிலிருந்து அணிந்து செல்லும் கனத்த நகைகளைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. திரும்பும்போது அவை பழையவை என்று காட்ட வேண்டிய தொல்லை வராது.

பிற பொருள்களுக்கு அங்கே 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. திட்டத்தில் சேர்ந்த கடைகளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கி, சுற்றுலாப் பயணி என்று பதிவு செய்திருந்தால், அதன் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடனா, சேமிப்பா?

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஒரு குடும்பத்தின் பயணத்திற்கு ரூ. 2,50,000 தேவை என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், 24 மாதத் தவணையில் கடன் வாங்கினால், மாதம் ஏறத்தாழ ரூ. 11,770 கட்ட வேண்டும். மொத்தம் ரூ. 2,82,000க்கு மேல். விடுமுறை ஐந்து நாளில் முடிந்துவிடும். தவணை இரண்டு பூசைகளைக் கடந்தும் தொடரும்.

அதே குடும்பம் மாதம் ரூ. 10,000 வீதம் தொடர் வைப்பில் 24 மாதங்கள் சேர்த்தால், கட்டிய தொகை ரூ. 2,40,000. வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று கொண்டால் முதிர்வில் ஏறத்தாழ ரூ. 2,56,800 கைக்கு வரும். வட்டிக்குரிய வரி தனி. மாதச் சுமையும் குறைவு. முடிவில் கையில் இருப்பது கடனும் அன்று, சொந்தப் பணம். இரு வழிக்கும் இடையே உள்ள வேறுபாடு, காத்திருக்கும் இரண்டாண்டுகளே. அக்காத்திருப்பும் வீணன்று. பிள்ளைகள் அதற்குள் திர்ஹாம் கணக்குப் போடக் கற்றிருப்பார்கள்.

காத்திருக்க மனமில்லாதவர்க்கு அருகிலேயே ஒரு பாலைவனம் உண்டு. சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்தைக் கண்டு, வங்காளிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஜெய்சல்மேருக்குச் செல்கின்றன. 1156இல் எழுந்த அப்பொன்னிறக் கோட்டை, 2013 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. அங்கே மணலில் நிற்பதும் அதே வன்னிதான். கேஜ்ரி என்று அங்குள்ளோர் அழைக்கிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், செலாவணி மாற்ற வேண்டாம்.

எங்கள் வாடிக்கையாளர் அன்று கடன் விண்ணப்பத்தைக் கேட்கவில்லை. தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் திறந்தார். மகளின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருப்பதாகவும், அம்மாவின் மாத்திரைக்கு மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்கப் போவதாகவும் அடுத்த மாதத் தவணை கட்ட வந்தபோது சொன்னார். இந்தக் குளிர்கால விடுமுறைக்கு ஐவரும் ஜெய்சல்மேருக்குச் சீட்டுப் பதிந்திருக்கிறார்கள். துபாய்க்கு இன்னும் 23 தவணைகள் இருக்கின்றன.